இல்லாளுக்குரிய நேரம்

பொருளீட்டக் கடல் கடப்பது நம் மக்களுக்குப் புதிதன்று. இரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று கப்பலேறிய தலைமுறை மறைந்தது. 1970களின் எண்ணெய்ச் செழிப்பைத் தொடர்ந்து துபாய், குவைத், ரியாத் என்று விமானமேறும் தலைமுறை வந்தது. கீழக்கரையிலும் அதிராம்பட்டினத்திலும் கூத்தாநல்லூரிலும் கணவன் அயலகத்தில் இருக்கும் வீடு இல்லாத தெரு அரிது. ஹலாலான உணவைத் தேடி அலைவது நன்மைக்குரிய செயல் என்பதில் ஐயமில்லை. ஆயினும், "பணம் தவறாமல் வருகிறது, என்னோடு பேசத்தான் உங்களுக்கு நேரம் வருவதில்லை" என்று மனைவி ஒரு சொல் சொல்லிவிட்டால், அவளைச் சபுர் இல்லாதவள் என்று ஏசும் வழக்கம் நம் இல்லங்களில் வேரூன்றியிருக்கிறது. மார்க்கம் இதனை ஒப்புகிறதா?

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் மதீனாவை வலம் வந்தபோது, போர்க்களம் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் வருந்திப் பாடுவதைச் செவியுற்ற வரலாறு பலரும் அறிந்ததே. அப்பெண்ணை அவர்கள் கண்டிக்கவில்லை. தம் மகளார் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் சென்று, கணவனைப் பிரிந்து ஒரு பெண் எத்தனை காலம் பொறுத்திருப்பாள் என்று வினவினார்கள். விடை நான்கு மாதம் என்றும், ஆறு மாதம் என்றும் அறிவிப்புகளில் வருகிறது. அதற்கு மேல் படைவீரர்களைத் தடுத்து வைக்கலாகாது என ஆணை பிறந்தது. ஒரு பெண்ணின் தனிமை, அரசின் படை ஒழுங்கையே மாற்றியது!

ஹன்பலி மத்ஹபின் சட்டமேதைகள் இந்த ஆறு மாதத்தை ஓர் எல்லையாகவே கொண்டனர். பிழைப்பின் நிர்ப்பந்தம் உடையவனுக்கு விலக்கும் அளித்தனர். நம்மவர் பெரும்பாலோர் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபினர் என்பது வேறு விஷயம். நிர்ப்பந்தம் எது என்பதே நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா. கடனும், முதிய பெற்றோரின் மருந்துச் செலவும் நிர்ப்பந்தம். அண்டை வீட்டார் இரண்டு மாடி எழுப்பினர், நாம் மூன்று எழுப்ப வேண்டும் என்பதற்காக மேலும் நான்காண்டு தங்குவதும் நிர்ப்பந்தமா? இரண்டாண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பில் வருபவனின் இருபதாண்டு மணவாழ்வைக் கணக்கிட்டுப் பாருங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்தது இருபதே மாதம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பொறுப்புகளை விடப் பெரிய பொறுப்பு எவருக்கு உண்டு? அவர்கள் பயணத்தில் இரவு வேளைகளில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் உரையாடியபடியே செல்வதுண்டு என்று புகாரியில் காண்கிறோம். பதினொரு பெண்கள் தத்தம் கணவரைப் பற்றிக் கூறிய நீண்ட கதையை அன்னையார் சொல்ல, நாயகம் (ஸல்) அவர்கள் இடைமறிக்காது கேட்டிருந்தார்கள். உம்மு ஸர்உ ஹதீஸ் என்று அதனை மதரஸாக்களில் ஓதிக் கொடுக்கிறோம். அதிலுள்ள அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்வதிலேயே பாடம் முடிந்துவிடுகிறது. அவ்வளவு நேரம் அவர்கள் செவிசாய்த்தார்களே என்பதை மாணவருக்கு எடுத்துரைப்பார் சிலரே.

கடிதமும், குரலைப் பதிந்து அனுப்பும் ஒலிநாடாவுமே வழியாக இருந்த காலத்தில், வந்த ஒன்றையே மனைவி பன்முறை படித்தாள், கேட்டாள். இன்று கைபேசியில் முகம் பார்த்துப் பேசும் வசதி உண்டு. பேச்சோ, பணம் வந்ததா, பள்ளிக் கட்டணம் கட்டியாயிற்றா, கொத்தனார் வந்தாரா என்பதோடு முடிகிறது. ஜித்தாவில் இரவு பத்து மணிக்குக் கடை அடைக்கும்போது இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. விடியலில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியவள் அதுவரை விழித்திருக்கிறாள். அவனோ பேசிக்கொண்டே வேறெதையோ பார்த்துக்கொண்டிருக்கிறான். வெள்ளி விடுமுறை உடையவர்கள் ஜும்ஆவுக்குப் பின் அரைமணி நேரத்தை அவளுக்கென்றே ஒதுக்கலாகாதா? வீட்டுக் கணக்கை வேறொரு நாளில் பேசிக்கொள்ளலாம்.

தாய்மார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மகன் அழைத்தால் கைபேசி முதலில் உங்களிடம் வருவது நியாயமே. பின்னர் நாத்தனார், மச்சான், சாச்சா என்று கைமாறி, மருமகளிடம் வரும்போது கூடத்தில் அனைவரும் அமர்ந்திருந்தால் அவள் என்ன பேசுவாள்? 'நலம்' என்பாள். அந்த வேளையில் அவள் தன் அறைக்குச் சென்று கதவைச் சாத்திக்கொண்டால் அதனைக் குறையாகக் கொள்ளாதீர்கள். அது அவளுடைய ஹக்கு. விடுப்பில் வந்தவனையும் முதல் பத்து நாள் விருந்து, திருமணம், வழக்கு, பஞ்சாயத்து என்று இழுத்துச் செல்லாதிருங்கள்.

நெடுநாள் பிரிந்திருந்தவர் இரவில் முன்னறிவிப்பின்றி வீடு புகலாகாது என்றும், கணவனை வரவேற்க மனைவி தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்ள அவகாசம் வேண்டும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். அவனை முதலில் வரவேற்க வேண்டியவள் யார் என்பது இதிலிருந்தே விளங்கும். நம் ஊர்களிலோ அவன் வரும் நாளில் இரண்டு வேன் நிறைய உறவினர் விமான நிலையம் செல்கின்றனர். பல வீடுகளில் அவளுக்கு மட்டும் அதில் இடமிருப்பதில்லை.