பறந்தது போச்சு, எழுதியது இருக்கு!

ஒரகடம் பக்கம் சமீபத்தில் போயிருக்கிறீர்களா? சாலையின் இரு பக்கமும் தொழிற்சாலைகள். காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் வெளியே வந்த வண்ணம் இருக்கின்றன. பக்கத்து வல்லம் வடகாலில் ஆகாய விமானப் பாகங்களுக்கென்றே ஒரு தொழிற்பேட்டை. “அடேயப்பா, எங்கிருந்து எங்கே வந்துவிட்டோம்!” என்று மூக்கில் விரலை வைக்கத் தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். அங்கிருந்து அதிக தூரமில்லாத பல்லாவரத்தில் 1910-லேயே ஒரு விமானம் பறந்தாயிற்று! பறந்தவர் பட்டாளத்துக்காரர் அல்ல, ஹோட்டல் முதலாளி. கார்ஸிகா தீவிலிருந்து வந்து, சென்னை மவுண்ட் ரோடில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ். 1909 ஜூலையில் பிளேரியோ இங்கிலீஷ் கால்வாயைப் பறந்து கடந்த செய்தி அவருக்கு ஆசையைக் கிளப்பிவிட்டது. தாமே திட்டம் போட்டு, வண்டி கட்டுவதில் பேர் பெற்ற சிம்ஸன் கம்பெனியில் விமானத்தைச் செய்து வாங்கினார். பல்லாவரத்தில் பரீட்சை பார்த்தார். பிறகு டிக்கெட் போட்டு ஜனங்களுக்கும் காட்டினார்!

கதை ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் இறக்கைக்கு என்ன மரம், எத்தனை தடவை சறுக்கிற்று, பட்டறைத் தொழிலாளி என்ன யோசனை சொன்னார்? பத்திரிகைகளில் வந்த நாலு வரிச் செய்தியில் இதெல்லாம் எங்கே இருக்கப் போகிறது?

இன்னொருவரைப் பாருங்கள். லாரன்ஸ் ஹார்கிரேவ் இங்கிலாந்தில் பிறந்து, பதினைந்து வயதில் ஆஸ்திரேலியாவுக்குப் போனவர். 1894 நவம்பர் 12-ஆம் தேதி, நாலு பெட்டிக் காற்றாடிகளைச் சேர்த்துக் கட்டி, 16 அடி உயரம் எழும்பிக் காட்டினார். கண்டுபிடித்ததற்கெல்லாம் உரிமை கொண்டாடாமல், உலகம் அறிய எழுதி வெளியிட்டார். அவர் செய்த மாதிரிகள் ஜெர்மனியில் மியூனிக் நகரப் பொருட்காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றில் பெரும்பாலானவை இரண்டாவது உலக யுத்தத்தில் நாசமாயின. நோட்டுப் புத்தகங்களோ சிட்னியில் பத்திரமாக இருக்கின்றன. மரமும் துணியும் போயின, காகிதம் பிழைத்தது!

நம் வீடுகளில் பழைய காகிதத்துக்கு இரண்டே கதி: ஒன்று எடைக்கு, இல்லாவிட்டால் போகிக்கு. பட்டறையில் முப்பது வருஷம் உழைத்த அப்பாவின் எண்ணெய்க் கறை படிந்த நோட்டும் அந்தக் கட்டோடு போய்விடுகிறது. அடுத்த போகிக்கு முன்னால் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். பெயரும் வருஷமும் குறித்து, ஒரு தகரப் பெட்டியில் வையுங்கள்.

கம்பெனி ரகசியம் கம்பெனிக்கே இருக்கட்டும். அப்பாவின் கைப்பக்குவம் பேரனுக்குக் கிடைக்கட்டுமே!