கேப்டனா, சிப்பாயா?

"எங்கள் கொள்ளுத்தாத்தா நேதாஜி படையில் கேப்டன்!" என்று சிறு வயது முதல் தோழியரிடம் பெருமையடித்து வந்தவள் நான். சென்ற கோடை விடுமுறையில் அவர் வரலாற்றை எழுதி வைக்கும் ஆவல் பிறந்தது. தேடத் தொடங்கினேன்.

மலேயாவில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் தொழிலாளியாக இருந்தவர் அவர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. சரணடைந்த இந்தியப் போர்வீரர்களைக் கொண்டு இந்திய தேசிய ராணுவம் முதலில் உருவாயிற்று. 1943-இல் நேதாஜி தலைமையேற்றதும், துப்பாக்கியைத் தொட்டறியாத தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும் அதில் திரளாகச் சேர்ந்தனர். கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படையில் பெண்களும் சேர்ந்தனர். 1944-இல் மணிப்பூர்ப் போர்முனையில் குண்டுகள் மட்டுமா உயிர் குடித்தன? மழையும் பசியும் மலேரியாவும் சேர்ந்தே குடித்தன.

பாட்டி ஒரு பழுப்பேறிய தாளை எடுத்துத் தந்தார்கள். விடுதலையின் வெள்ளி விழா ஆண்டான 1972-இல் மத்திய அரசு தியாகிகளுக்கு ஓய்வூதியம் அறிவித்தது. அதற்காகக் கொள்ளுத்தாத்தா தம் கைப்பட எழுதிய மனு அது. பதவி என்னும் இடத்தில் 'சிப்பாய்' என்று எழுதியிருந்தார். சான்று தரக்கூடிய உடனிருந்தோர் எவரும் உயிருடன் இல்லாததால் மனுவை அனுப்பவே இல்லையாம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமாவோ, "கேப்டன் என்றே எழுதிவிடு, யார் கேட்கப் போகிறார்கள்?" என்றார்.

அன்புத் தோழியரே, அவ்வாறு எழுதுவது தவறு என்பதே என் கருத்து. பணம் வரக்கூடிய மனுவிலேயே தம்மை உயர்த்திக் கொள்ளாதவரை நான் உயர்த்துவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகுமா? ஒரு பொய்யைக் கலந்தால், மீதி உண்மையையும் பிறர் ஐயுறுவர் அல்லவா? மேலும், அதிகாரிகளை வரலாறு மறக்கவில்லை. 1945 நவம்பரில் செங்கோட்டையில் விசாரிக்கப்பட்ட ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகியோரின் பெயர்களை நாடே அறிந்தது. சிப்பாய்களின் பெயர்களோ அவரவர் வீடுகளில்தாம் உள்ளன. நாமும் அவர்களைக் கேப்டன்களாக்கிவிட்டால், சிப்பாயை நினைக்க யார் இருப்பார்?

ஆகவே, இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். காதால் கேட்டதைக் கேட்டதாகவும், தாளில் கண்டதைக் கண்டதாகவும் பிரித்து எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் நாளையும் குறித்து வையுங்கள்.

என் நோட்டுப் புத்தகத்தில் நான் எழுதிவிட்டேன்: "என் கொள்ளுத்தாத்தா, சிப்பாய்." இப்போதும் பெருமையாகத்தான் இருக்கிறது.

— பத்தாம் வகுப்பு மாணவி