கல்யாணத்துக்கு அட்டை, பிரசவத்துக்கு என்ன?

அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் ஆறு கோடிப் பேரைப் பரிசோதித்துவிட்டதாக 2025இல் அறிவித்தார்கள். இலக்கு ஏழு கோடி. எத்தனை பேரைப் பரிசோதித்தோம், மரபணு நிலையைக் காட்டும் அட்டை எத்தனை கொடுத்தோம் என்பதையே திட்டத்தின் அளவுகோலாக்கிய முடிவு தவறானது. அதை மாற்றியே ஆக வேண்டும்.

கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்குமுன் அட்டையைப் பொருத்திப் பாருங்கள் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். பெற்றோர் இருவரும் அரிவாள் செல் மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஜாதகம் பார்க்கும் வழக்கமே இல்லாத பழங்குடிக் குடும்பங்களிடம் இந்த உவமையோடு போனால் எப்படி? இருளர், பணியர், குறும்பர் போன்ற சிறு சமூகங்களில் மரபணுவைச் சுமப்போர் ஏராளம். பெரும்பாலும் நலமாகவே வாழ்பவர்கள். அவர்கள் கையில் அட்டையைத் திணித்து, பெண் கொடுக்காதே, எடுக்காதே என்றால் யாரைத்தான் கட்டுவார்கள்? சம்பந்தம் முறிந்தால் பழி முதலில் பெண் தலையில்தான் விழும்.

திருமணமாகி, நோயோடு கருவுற்றுவிட்ட பெண்ணுக்கு இந்த அட்டை என்ன செய்யும்? அவளுக்குக் கடும் வலி வரலாம், நுரையீரல் பாதிக்கலாம், ரத்த அழுத்தம் ஏறி வலிப்பில் முடியலாம். குழந்தை எடை குறைந்தோ குறைமாதத்திலோ பிறக்கலாம். பன்னிரண்டாம் வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் வேண்டும். பொருத்தமான ரத்தம் தயாராக இருக்க வேண்டும். நோய்க்காக ஏற்கெனவே சாப்பிடும் ஹைட்ராக்ஸியூரியா மருந்தைப் பற்றி மருத்துவர் முடிவெடுக்க வேண்டும். உடல் வெளுத்திருக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்து அனுப்பினால் போதாது.

முகாமில் செய்யும் கரைதிறன் சோதனை மரபணு இருப்பதை மட்டுமே காட்டும். நோயா, சுமப்பு மட்டுமா என்று அறிய எச்.பி.எல்.சி. போன்ற சோதனை தேவை. கணவருக்கும் சோதனை செய்து, கருவையும் சோதிக்க வேண்டுமானால் எல்லாம் முதல் சில மாதங்களுக்குள் நடக்க வேண்டும். கருவுக்கு நோய் என்று தெரிந்து கலைக்க முடிவெடுத்தாலும், 2021இல் திருத்திய கருக்கலைப்புச் சட்டப்படி 24 வாரங்களுக்குப் பிறகு மருத்துவ வாரியத்தின் வாசலில் நிற்க வேண்டும். நீலகிரி மாவட்டத்தின் கூடலூரிலிருந்து அதன் தலைநகரான உதகைக்கு மலைப்பாதையில் சுமார் 50 கிலோமீட்டர். அறிக்கை தாமதமானால் அந்தக் குடும்பம் எத்தனை முறை ஏறி இறங்கும்?

கர்ப்பிணிகளுக்கும் சோதனை உண்டு என்று வழிகாட்டு நெறிகளில் எழுதியிருக்கிறார்கள். எழுதியது போதும். இந்தியாவில் இந்த மரபணு முதன்முதலாகப் பதிவானதே நீலகிரியில், 1952இல். நாடு தழுவிய திட்டம் வந்தது 2023இல். எழுபது ஆண்டுகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஆள் எண்ணிக் கணக்குக் காட்டும் இந்த நோய் அதிகார வர்க்கத்துக்குப் புதிதல்ல. நெருக்கடி நிலைக் காலத்தில் கருத்தடைக்கு இலக்கு வைத்து ஏழைகளைத் துரத்தினார்கள். 2014இல் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் ஒரே நாளில் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை நடந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். பெண்களின் உடலைப் பட்டியலில் ஒரு வரியாகப் பார்க்கும் அதே புத்திதான் இன்று அட்டைகளை எண்ணிப் பெருமைப்படுகிறது.

திட்டத்தின் நடுவில் கர்ப்பிணியை வைத்து எல்லாவற்றையும் திருத்தி எழுதுங்கள். அடுத்த அறிவிப்பில் எத்தனை கோடி அட்டை என்ற கணக்கு எங்களுக்கு வேண்டாம். அரிவாள் செல் நோயுள்ள தாய்மார்களில் எத்தனை பேர் பிரசவம் முடிந்து உயிரோடு வீடு திரும்பினார்கள் என்பதைச் சொல்லுங்கள்.