நலம் பேணுவோம்: ‘நெகற்றிவ்’ என்றால் நோயில்லை என்பதன்று

சென்ற மாதம் ஸ்காபரோவில் வசிக்கும் தாயொருவர் தமது 11 வயது மகனின் குருதிச் சோதனை அறிக்கையை எம்மிடம் கொண்டுவந்தார். ஆறு மாதமாக மகனுக்கு வயிற்றுவலியும் வயிற்றோட்டமும். நிறை குறைந்துவிட்டது, சென்ற ஆண்டுக் காற்சட்டை இவ்வாண்டும் அளவாகவே இருக்கின்றது. வைத்தியர் கூறியதைத் தாய்க்கு மொழிபெயர்த்தவன் அச்சிறுவனே. “நெகற்றிவாம் அம்மா, வருத்தம் ஒன்றுமில்லையாம்” என்றிருக்கிறான். குழாய்க் கமராச் சோதனைக்கு வைத்தியர் நாள் குறித்ததை அச்சத்தினால் மறைத்துவிட்டான். அவனைக் குறைகூற எமக்கு மனமில்லை. பெரியவர்கள் சுமக்கவேண்டிய சொற்களை நாமே அவன் தலையில் ஏற்றினோம்.

குடல் அழற்சி நோய் இரு பெரும் வகைப்படும். வாய் முதல் குதம் வரை எப்பகுதியையும் தாக்கவல்லது குறோன்ஸ் நோய். பெருங்குடலின் உட்படையைப் புண்ணாக்குவது மற்றையது. இவற்றை அறியும் பொருட்டுக் குருதியில் இரு பிறபொருளெதிரிகளைத் தேடுவர். பாண் மாவைப் பொங்கச்செய்யும் மதுவத்துக்கு எதிராக உடல் உண்டாக்கும் ‘அஸ்கா’ குறோன்ஸ் நோயிற் கூடுதலாகக் காணப்படும். வெண்குருதிக் கலங்களை நோக்கிய ‘பி-அன்கா’ பெருங்குடற் புண் நோயிற் கூடுதலாகும். அஸ்கா இருப்பது பாண் உண்டதால் நோய் வந்தது என்பதற்குச் சான்றன்று.

ஆயினும் குறோன்ஸ் நோயுள்ள பிள்ளைகளுள் ஏறக்குறைய அரைவாசிப் பேரின் குருதியில் அஸ்கா தென்படுவதில்லை. ஆகவே ‘நெகற்றிவ்’ என்ற சொல் நோயை விலக்காது. ‘பொசிற்றிவ்’ என்பதும் தீர்ப்பன்று. கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயிலும், குடலைத் தாக்கும் காசநோயிலும் அஸ்கா காணப்படலாம். காசநோய் மலிந்த நாடுகளிலிருந்து வந்த குடும்பங்கள் இதை மனங்கொள்ளல் வேண்டும். குடற்காசநோயும் குறோன்ஸ் நோயும் பார்வைக்கு ஒத்திருக்கும். ஆனால் குறோன்ஸ் நோய்க்குக் கொடுக்கும், நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகள் காசநோயைப் பெருகச்செய்யும். எனவே உங்கள் குடும்பத்தில் எவருக்கேனும் காசநோய் இருந்திருப்பின் வெட்கப்படாது வைத்தியரிடம் கூறுங்கள்.

அவ்வாறாயின் நோயை உறுதிசெய்வது எது? ஐரோப்பியச் சிறுவர் குடல்நோய் வல்லுநர்கள் 2005 இல் வகுத்து 2014 இல் திருத்திய ‘போர்ட்டோ’ நெறிகளின்படி, மேலிருந்தும் கீழிருந்தும் குழாய்க் கமராவினாற் பார்த்து, சிறு தசைத் துணுக்குகளை எடுத்து ஆராய்தலே முதன்மையானது. பிள்ளையை மயக்கி உறங்கவைத்தே இதனைச் செய்வர். மலத்திலுள்ள ‘கல்புரொடெக்ரின்’ என்னும் புரதத்தின் அளவு, யாருக்கு இச்சோதனை தேவை என்பதைத் தெரிவு செய்ய உதவும்.

“இது வெள்ளையரின் வியாதி” என்று நம்மவர் சிலர் கூறக் கேட்கிறோம். ஒன்ராறியோவில் நடாத்தப்பெற்று 2015 இல் வெளியான ஆய்வு வேறுவிதமாகக் கூறுகின்றது. புலம்பெயர்ந்து வந்தவர்களிடம் இந்நோய் குறைவு. ஆனால் தெற்காசியாவிலிருந்து வந்தோரின் பிள்ளைகளுக்கோ, ஏனைய கனேடியப் பிள்ளைகளுக்கு உள்ள அளவு ஆபத்து உண்டு.

மலத்தில் இரத்தம், விடாத வயிற்றோட்டம், நிறைக் குறைவு, வளர்ச்சி தடைப்படல், பூப்பெய்தத் தாமதம், குருதிச்சோகை, குதத்தருகே கட்டி அல்லது வெடிப்பு ஆகியன கண்டால், குருதி அறிக்கை யாது கூறினும் வைத்தியரை மீண்டும் நாடுங்கள். “இச்சோதனை எதை விலக்கியது, எதை விலக்கவில்லை?” என்று கேளுங்கள். சந்திப்புக்கு முன்னரே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கோருங்கள். பல மருத்துவமனைகள் ஒழுங்குசெய்து தரும்.

அச்சிறுவனுக்குக் குழாய்க் கமராச் சோதனை நடந்தது. சிறுகுடலின் கடைப்பகுதியிற் குறோன்ஸ் நோய் இருந்தமை உறுதியாயிற்று. சில கிழமைகளுக்குச் சோறு கறியின்றிச் சத்துப்பானம் மட்டுமே அவன் உணவு. பிள்ளைகளின் குறோன்ஸ் நோய்க்கு முதற் சிகிச்சையாக வழங்கப்படுவது அது. “சோறில்லாமல் பிள்ளை எப்படி இருப்பான்?” என்று தாய் கலங்கினார். அக்கேள்வியை மொழிபெயர்ப்பாளர் வைத்தியரிடம் கேட்டார். விடையையும் அவரே கூறினார். மகன் அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.