இன்சுலினை நிறுத்தச் சொல்லும் புண்ணியவான்களுக்கு

ஒரு குழந்தைக்கு டைப் 1 சர்க்கரைன்னு தெரிஞ்ச மறுநாளே விசாரிக்க வர்ற சொந்தக்காரங்க கூட்டம் இருக்கே, அவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கையில ஹார்லிக்ஸ் பாட்டில் (ஆமாங்க, ஹார்லிக்ஸ்!), வாயில ஒரே கேள்வி: "சாக்லெட்டா வாங்கிக் குடுத்தியாம்மா?"

எங்க அக்கா பையனுக்கு ஏழு வயசுல வந்தப்ப இதைப் பத்துப் பேராவது கேட்டாங்க. ஒருத்தர்கூட மாமாகிட்ட கேட்கலை.

டைப் 1 மிட்டாயால வர்றதில்லை ஐயா. உடம்போட எதிர்ப்பு சக்தியே வழிதவறி, கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்களை அழிச்சிடுது. இனிப்பே தொடாத பிள்ளைக்கும் வரும்.

அடுத்த குண்டு, "பரம்பரை". அது கொஞ்சம் உண்டுதான். ஆனா பின்லாந்தைப் பாருங்க. 15 வயசுக்குட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகள்ல, 1980ல சுமார் 31 பேருக்குப் புதுசா வந்துச்சு, 2005ல 64. இருபத்தஞ்சு வருஷத்துலயா ஒரு நாட்டோட மரபணு மாறிடும்? எல்லைக்கு அந்தப் பக்கம் ரஷ்யாவின் கரேலியா. நோய்க்கு வழிவிடற மரபணுக்கள் ரெண்டு பக்கமும் ஏறத்தாழ ஒண்ணுதான். ஆனா 1990கள்ல அங்கே நோய் ஆறுல ஒரு பங்குதான் இருந்துச்சு. ஆக, சுற்றுச்சூழல்ல ஏதோ இருக்கு. வைரஸா, குடல் கிருமிகளான்னு ஆராய்ச்சியாளர்களே இன்னும் தேடிக்கிட்டிருக்காங்க. நம்ம பெரியத்தைக்கு மட்டும் விடை தெரியும்: அம்மா குடுத்த செல்லம்!

இதைக்கூடப் பொறுத்துக்கலாம். "ஊசி பழக்கமாயிடும், சூரணம் இருக்கு, நிறுத்திடு"ன்னு சொல்றீங்களே, அது கொலை. 1922 ஜனவரியில டொராண்டோவுல லியோனார்ட் தாம்ப்சன்ங்கிற 14 வயசுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடறவரைக்கும் இந்தப் பிள்ளைங்களுக்கு இருந்த வைத்தியம் பட்டினி. எலும்பும் தோலுமா கொஞ்ச காலம் இழுத்துட்டுப் போய்ச் சேர்ந்தாங்க. இன்னிக்கும் இன்சுலினை நிறுத்தினா ஓரிரு நாள்ல ரத்தத்துல அமிலம் ஏறும். வாந்தி, வயித்துவலி, மேல்மூச்சு, மயக்கம். சூரணக்காரர் அப்ப போனை எடுக்க மாட்டார்.

விசாரிக்க வந்தவங்க உருப்படியா ஒண்ணு பண்ணலாம். உங்க வீட்டுப் பிள்ளை அடிக்கடி ஒண்ணுக்குப் போகுதா, சொம்பு சொம்பா தண்ணி குடிக்குதா, நல்லா சாப்பிட்டும் இளைக்குதா, நின்னுபோன படுக்கை நனைக்கிற பழக்கம் திரும்ப வந்திருக்கா? சூடு, பூச்சின்னு நாள் கடத்தாம அன்னிக்கே விரல்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சர்க்கரை பாருங்க.

டிஸ்கி: "எனக்குப் பாகற்காய் ஜூஸ்லயே குறைஞ்சுதே"ன்னு கிளம்புற பெரியவர்களே, உங்களோடது டைப் 2. அது வேற கதை. நீங்களும் மாத்திரையை நிறுத்திடாதீங்க.