கடைமடை வரை பேச்சு பாய வேண்டும்

மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வருகிறது. தஞ்சைத் தரணி முழுவதும் மகிழ்ச்சி. ஆனால் கடைமடை விவசாயி உடனே சிரிப்பதில்லை. "தண்ணீர் என் வாய்க்காலுக்கு வரட்டும். அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்.

அணையில் தண்ணீர் இருப்பது வேறு. வயலில் தண்ணீர் பாய்வது வேறு.

தொழில் நடத்துவதும் அப்படித்தான். முதலாளியின் மனதில் நல்ல எண்ணம் இருக்கலாம். அது வாசலில் நிற்கும் காவலாளி வரை போய்ச் சேருகிறதா? களத்தில் நெல் கிளறும் பெண் வரை போய்ச் சேருகிறதா?

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. தண்ணீர் மேலிருந்து கீழே பாய்ந்தால் போதும். பேச்சு அப்படியல்ல. கீழிருந்து மேலேயும் அது வர வேண்டும். அப்படி வராத கம்பெனி, என்றைக்காவது ஒரு நாள் காய்ந்துபோகும்.

களத்தில் உடையும் அரிசி

ஓர் அரிசி ஆலையை எடுத்துக்கொள்ளலாம். நெல்லை ஊற வைக்கிறார்கள். வேக வைக்கிறார்கள். களத்தில் பரப்பிக் காய வைக்கிறார்கள். பிறகு அரைக்கிறார்கள்.

நெல் பதமாகக் காய வேண்டும். கடும் வெயிலில் அவசரமாகக் காய்ந்தால் அரிசியில் விரிசல் விழும். அரைக்கும்போது உடையும். முழு அரிசி குறையும். குருணை கூடும். குருணைக்கு விலை குறைவு.

இந்தப் பதம் யாருக்குத் தெரியும்? ஆபீஸ் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவருக்கா? இல்லை. காலால் நெல்லைக் கிளறிவிடும் பெண்ணுக்குத்தான் தெரியும். இரண்டு மணியைக் கடித்துப் பார்த்தே அவர் சொல்லிவிடுவார்.

ஆனால் சொல்லுவாரா?

போன தடவை அவர் சொன்னபோது, "உன் வேலையைப் பார்" என்று மேஸ்திரி அதட்டினார் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தத் தடவை அவர் வாயைத் திறக்கமாட்டார். அரிசி உடையும். சாயங்காலம் கணக்கு எழுதும்போதுதான் முதலாளிக்கு விஷயம் தெரியும்.

அந்த நஷ்டம் வெயிலால் மட்டும் வந்ததல்ல. அதட்டலாலும் வந்தது.

தஞ்சாவூரில் புறப்பட்ட பஸ்

1912-ம் ஆண்டு தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே ஒரு பஸ் ஓடத் தொடங்கியது. அதை ஓடவிட்டவர் டி.வி. சுந்தரம் அய்யங்கார். நெல்லைச் சீமையில் திருக்குறுங்குடியில் பிறந்தவர். அந்தச் சிறு தொடக்கம் பிறகு டி.வி.எஸ். என்ற பெரிய தொழில் குடும்பமாக வளர்ந்தது.

அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சுந்தரம்-கிளேட்டன் நிறுவனம், வண்டிகளுக்கு பிரேக் செய்தது. 1998-ல் அதற்கு டெமிங் பரிசு கிடைத்தது. இந்தியாவில் அந்தப் பரிசைப் பெற்ற முதல் கம்பெனி அதுதான். 2002-ல் டி.வி.எஸ். மோட்டார் கம்பெனிக்கும் அதே பரிசு கிடைத்தது.

டெமிங் பரிசு என்றால் என்ன? அது ஜப்பானில் 1951-ல் ஏற்பட்ட பரிசு. போரில் தோற்று, தொழில்கள் நொறுங்கிக் கிடந்தது ஜப்பான். 1950-ல் டெமிங் என்ற அமெரிக்க அறிஞர் அங்கே போனார். நல்ல சரக்கை எப்படிச் செய்வது என்று பாடம் நடத்தினார். அவர் பெயரால் வந்ததே இந்தப் பரிசு. ஒரு நல்ல பொருளைச் செய்து காட்டினால் மட்டும் இது கிடைக்காது. கம்பெனி முழுவதும், மேலாளர் முதல் தொழிலாளி வரை, தரத்துக்காகச் சேர்ந்து உழைக்கிறார்களா என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

டெமிங் வற்புறுத்திய ஒரு விஷயம்: தொழிற்சாலையிலிருந்து பயத்தை விரட்ட வேண்டும். பயந்தவன் தவற்றை மறைப்பான். மறைத்த தவறு வளரும்.

ஜப்பானின் டொயோட்டா கார் தொழிற்சாலையில் ஒரு கயிறு பேர்போனது. வேலை நடக்கும் வரிசைக்கு மேலே அது தொங்கும். ஏதாவது கோளாறு கண்ணில் பட்டால், சாதாரணத் தொழிலாளி அந்தக் கயிற்றை இழுக்கலாம். உடனே மேற்பார்வையாளர் ஓடி வருவார். கோளாறு தீராவிட்டால் வேலை வரிசையே நிற்கும். ஏன் இழுத்தாய் என்று யாரும் திட்டமாட்டார்கள். இழுப்பதுதான் அவர் கடமை.

களத்தில் நெல் கிளறும் பெண்ணின் கையில் அப்படி ஒரு கயிறு இருக்கிறதா? இதுதான் கேள்வி.

சுவரில் எழுதிய கணக்கு

மனம் திறந்து பேசச் சொன்னால் மட்டும் போதாது. கணக்கும் திறந்திருக்க வேண்டும். இதற்கு ஜப்பான் வரை போக வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரைப் பார்த்தால் போதும்.

1010-ல் முடிந்த அந்தக் கோயிலுக்கு ராஜராஜ சோழன் கொடுத்தது எவ்வளவு, அவன் அக்காள் குந்தவை கொடுத்தது எவ்வளவு என்று கல்லில் எடையோடு வெட்டியிருக்கிறார்கள். வேலை செய்தவர்களும் அதில் உண்டு. கோயிலில் ஆடிய 400 பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. அவர்கள் குடியிருந்த தெருவும் வீடும் இருக்கின்றன. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று கூலியும் இருக்கிறது. தையற்காரர், குயவர், நாவிதர், கணக்கர் ஆகியோரின் பங்கும் இருக்கிறது.

அது மன்னர் ஆட்சி. இன்றைய கம்பெனி அல்ல. ஆனாலும் யாருக்கு என்ன கிடைக்கும் என்பது சுவரில் இருந்தது. இன்றைக்குப் பல இடங்களில் தன் சம்பளத்தில் என்ன பிடித்தார்கள், ஏன் பிடித்தார்கள் என்பதுகூடத் தொழிலாளிக்குத் தெரிவதில்லை. தெரியாத இடத்தில் சந்தேகம் முளைக்கும். சந்தேகம் முளைத்த இடத்தில் ஒற்றுமை வாடும்.

கசப்பான பாடம்

பேச்சை அடைத்தால் என்ன ஆகும் என்பதைத் தஞ்சை மாவட்டம் கண்ணீரோடு கற்றது.

பண்ணையாள் நிமிர்ந்து நின்று கூலி கேட்பதே குற்றம் என்று இருந்த காலம் உண்டு. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் மாறியது. பலருடைய மனம் மாறவில்லை. கூலி உயர்வு கேட்டார்கள், சங்கம் வைத்தார்கள், பகை மூண்டது. 1968 டிசம்பர் 25-ம் தேதி இரவு, அன்று தஞ்சை மாவட்டத்தில் இருந்த கீழ்வெண்மணியில், ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் தீயில் மாண்டார்கள். தலித் கூலி விவசாயக் குடும்பத்தினர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அடுத்த ஆண்டு நியாயக் கூலிச் சட்டம் பிறந்தது.

அந்தக் கொடுமையை ஆலை மேஸ்திரியின் அதட்டலோடு ஒப்பிட முடியாது. ஆனால் இரண்டுக்கும் அடியில் ஒரே எண்ணம் இருக்கிறது. "இவன் என்னிடம் பேசத் தகுந்தவன் அல்ல" என்ற எண்ணம்தான் அது.

ஆகவே ஒன்றை மறக்கக்கூடாது. கலந்து பேசுவது கூலிக்குப் பதில் ஆகாது. நியாயமான சம்பளம் முதலில். வயிறு காய்ந்தவனிடம் யோசனை கேட்பது கேலி.

என்ன செய்யலாம்?

பெரிய செலவு வேண்டியதில்லை.

வாரம் ஒரு நாள், வேலை தொடங்கும் முன் பத்து நிமிஷம் எல்லோரும் கூடலாம். புதிதாகச் சேர்ந்தவர் முதலில் பேசட்டும். முதலாளி கடைசியில் பேசட்டும். முதலாளி முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டத்தான் செய்வார்கள்.

தவறு நடந்தால், "யார் செய்தது?" என்று தொடங்கவேண்டாம். "எப்படி நடந்தது?" என்று தொடங்கலாம். தவற்றைத் தானே வந்து சொன்னவருக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும்.

யோசனை சொன்னவருக்கு ஒரு வாரத்துக்குள் பதில் கிடைக்க வேண்டும். முடியாது என்றால், ஏன் முடியாது என்று சொல்ல வேண்டும்.

சம்பளக் கணக்கு, சரக்கு சேதம், இந்த மாத லாப நஷ்ட நிலவரம் இவற்றைச் சுவரில் எழுதி ஒட்டலாம்.

"இப்படி இடம் கொடுத்தால் தலைக்கு மேல் ஏறிவிடுவார்கள்" என்று சிலர் பயப்படலாம். வியாபார ரகசியம் எல்லாவற்றையும் தெருவில் வைக்கச் சொல்லவில்லை. முடிவு எடுக்கும் பொறுப்பும் முதலாளியிடமே இருக்கும். எல்லோரையும் கேட்டு எடுத்த முடிவு என்றால், அதை நிறைவேற்ற எல்லோருடைய கையும் வரும். கேட்காமல் எடுத்த முடிவை முதலாளி ஒருவரே சுமக்க வேண்டும்.

வாய்க்காலில் மண் மேடிட்டால் தண்ணீர் நிற்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் ஊர் கூடி வாய்க்காலைத் தூர்வாரியது. அதற்குக் குடிமராமத்து என்று பெயர். கம்பெனியில் மேடிடும் மண் பயம். அதைத் தூர்வாரும் மண்வெட்டி முதலாளியின் கையில்தான் இருக்கிறது. முதல் வெட்டு அவர் வெட்டட்டும். கடைமடை தானாகப் பச்சை கட்டும்.