கேமராவுக்கு யார் படியளப்பது?

போக்குவரத்து கேமரா பற்றி எந்த உள்ளாட்சிக் கூட்டத்தில் பேச்சு எடுத்தாலும் முதலில் "எத்தனை?" என்பார்கள். அடுத்து "யார் வாங்கித் தருவது?" என்பார்கள். மாட்டிய பிறகு ஐந்து வருஷத்துக்கு அதற்குப் படியளக்கப் போவது யார் என்று கேட்டால் கூட்டம் தேநீருக்குக் கலைந்துவிடும். நம் துறைக்காரர்கள் விடாமல் கேட்க வேண்டியது அதைத்தான்.

செட்டிநாட்டுப் பக்கம் இரண்டாவது கேள்விக்கு விடை கைவசம் இருக்கிறது. ஊருணியும் பள்ளிக்கூடமும் கோவில் திருப்பணியும் உபயத்தில் வந்த சீமை இது. கேமராவும் அந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டது. சென்னையில் அ.கா. விசுவநாதன் காவல் ஆணையராக இருந்த காலத்தில் 'மூன்றாவது கண்' என்று கடைக்காரர்களையும் குடியிருப்போரையும் கேமரா வைக்கச் சொல்லி ஓர் இயக்கமே நடந்தது. மாவட்டங்களிலும் காவல் நிலையங்கள் உபயதாரர்களைத் தேடின. செயின் பறிப்பில் துப்புத் துலக்க அந்தக் கேமராக்கள் கைகொடுக்கின்றன. அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதே கம்பத்தில் நம்பர் பிளேட் படிக்கும் மென்பொருளையும் சேர்த்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே அபராதம் போட்டுவிடலாமே என்று யோசனை கிளம்பும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் 136ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அதன்கீழ் 2021 ஆகஸ்டில் 167ஏ விதி வந்தது. நெடுஞ்சாலைகளில் அபாயமும் நெரிசலும் மிகுந்த பகுதிகளையும் பெரிய நகரங்களின் முக்கியச் சந்திப்புகளையும்தான் அது முதலில் கைகாட்டுகிறது. கருவிக்கு மாநில அரசின் அங்கீகாரச் சான்றிதழ் வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கிறது என்ற அறிவிப்புப் பலகை முன்கூட்டியே கண்ணில் பட வேண்டும். மீறல் தெரியும் படம், கருவி எடுத்த அளவு, நாள், நேரம், இடம் எல்லாம் சலானில் இருக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு போக வேண்டும். உபயமாக வந்த கேமராவோடு இவற்றில் ஒன்றும் கூட வருவதில்லை. கொடுத்தவர் பெயர் எழுதிய பலகை மட்டும் வருகிறது, எச்சரிக்கைப் பலகையைவிடப் பெரிதாக.

இதை இப்போது எழுதக் காரணம், இனி பணம் வரப்போகிறது என்பது. கோவை எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், 136ஏ பிரிவையும் 167ஏ விதியையும் நடைமுறைக்குக் கொண்டுவரும்படி உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. தமிழ்நாட்டுச் சாலைகளில் 2022இல் மட்டும் 17,884 பேர் இறந்தார்கள். நாடு முழுவதும் அந்த ஆண்டின் சாலை மரணங்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் அதிவேகத்தின் கணக்கில்தான் பதிவாகியிருக்கின்றன. உத்தரவு நியாயமானது. அதை நிறைவேற்றும் டெண்டரை எழுதப்போகிறவர்கள் இந்த இதழை வாசிக்கிற நீங்கள்.

டெண்டர் எழுதுமுன் கேரளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அங்கே 'சேஃப் கேரளா' திட்டத்தில் 726 கேமராக்களை 2023 ஏப்ரலில் தொடங்கிவைத்தார்கள். ஜூன் 5 முதல் அபராதம் விழத் தொடங்கியது. திட்டச் செலவு சுமார் 232 கோடி ரூபாய். அரசு நிறுவனமான கெல்ட்ரான் முதலீட்டைப் போட்டுக் கட்டமைப்பது, அரசு அதை ஐந்து வருஷத்தில் காலாண்டுத் தவணையாகத் திருப்பித் தருவது என்று ஏற்பாடு. கெல்ட்ரான் வேலையை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுத்தது, அது வேறு சிலரைச் சேர்த்துக்கொண்டது. ஊழல் என்று எதிர்க்கட்சித் தலைவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2025இல் அந்த மனு தள்ளுபடி ஆனது. வழக்கின் அரசியல் நமக்கு வேண்டாம். பொறியாளர் கவனிக்க வேண்டியது வேறு. வழக்கு நடந்தபோது தவணை நின்றது. தவணை நின்றதும் அபராத அறிவிப்புகளை அச்சடித்து அஞ்சலில் அனுப்பும் வேலை தடுமாறியது. கேமரா படம் எடுத்துக்கொண்டே இருந்தது, படம் கடிதமாக மாறவில்லை. கேமராவின் விலையை எல்லோரும் கணக்குப் போட்டார்கள். ஒரு மீறலைப் பார்த்துச் சரிபார்த்து, அச்சடித்து, தபால்தலை ஒட்டி வீட்டுக்கு அனுப்பும் செலவைத்தான் குறைத்துப் போட்டார்கள்.

இன்னொன்று. அந்த 726இல் 675, ஹெல்மெட் இல்லாதவரையும் சீட் பெல்ட் போடாதவரையும் பிடிப்பவை. வேகத்தை அளப்பவை எட்டே எட்டு. ஹெல்மெட் உயிரைக் காக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் எதைப் பிடிப்பது சுலபமோ அதற்குக் கேமரா போவதும், எது அதிகம் கொல்கிறதோ அதற்குப் போகாததும் கேரளத்தோடு நிற்கப்போவதில்லை.

சரி, அபராதப் பணத்திலேயே கேமராவை ஓட்டலாமே? பிரிட்டன் அதைச் செய்து பார்த்தது. 2000இல் எட்டுப் பகுதிகளில் சோதனையாகத் தொடங்கி, வேகக் கேமராவுக்கு ஆகும் செலவை அபராதத்திலிருந்தே எடுத்துக்கொள்ளவிட்டார்கள். இடத்தைத் தேர்வு செய்வதற்குக் கடுமையான விதி வைத்தார்கள்: அந்தப் பாதையில் உயிர்ச் சேதமோ பலத்த காயமோ ஏற்பட்ட விபத்துகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் முன்பே நடந்திருக்க வேண்டும். அப்படியும் 'வசூல் வண்டி' என்ற பேச்சு ஓயவில்லை. 2007இல் அந்த ஏற்பாட்டை நிறுத்தி, பணத்தைப் பொதுவான சாலைப் பாதுகாப்பு நிதிக்குத் திருப்பினார்கள். அமெரிக்கச் சிகாகோவில் கதை இன்னும் மோசம். சிக்னல் கேமரா நடத்திய ரெட்ஃப்ளெக்ஸ் நிறுவனத்திடம் லஞ்சம் வாங்கியதற்காக நகராட்சி அதிகாரி ஒருவர் 2016இல் பத்து ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். 2014இல் மஞ்சள் விளக்கின் குறைந்தபட்ச நேரம் 3 விநாடியிலிருந்து 2.9 ஆனதும் பல்லாயிரம் சலான்கள் கூடுதலாக விழுந்தன. விநாடியில் பத்தில் ஒரு பங்கு! சிக்னல் நேரம் குறிக்கும் பொறியாளர் யாருக்காக வேலை செய்கிறார் என்ற சந்தேகம் மக்களுக்கு வந்துவிட்டால் அப்புறம் எந்தச் சான்றிதழும் உதவாது.

இதனால் கேமராவே வேண்டாம் என்று யாரும் அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு, வேகக் கேமரா இருக்கும் இடங்களைச் சுற்றி மரணமும் பலத்த காயமும் விளைவிக்கும் விபத்துகள் 11 முதல் 44 விழுக்காடு வரை குறைந்ததாகச் சொல்கிறது. விபத்து உச்சத்தில் இருந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு கேமரா இல்லாமலும் எண்ணிக்கை இறங்கும் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் பலன் இருக்கிறது. சிக்னல் கேமரா விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. குறுக்கே வந்து மோதுவது குறையும். சட்டென்று பிரேக் பிடிப்பவரின் பின்னால் மோதுவது கூடும்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். சிவகங்கையிலிருந்து காளையார்கோவில் போகும் வழியில் இருக்கும் நாட்டரசன்கோட்டை ஒரு பேரூராட்சி. கண்ணாத்தாள் அம்மன் காவல் இருக்கும் ஊருக்குக் கேமரா எதற்கு என்பவர்களும் உண்டு. அந்த விவாதத்துக்கு இந்த இதழ் இடமில்லை. ஊருக்குள் சாதாரண நாளில் ஓடுவது டி.வி.எஸ். எக்ஸ்.எல்., டவுன் பஸ், டிராக்டர். தை பிறந்து முதல் செவ்வாய்க்கிழமை மட்டும் ஊர் வேறு ஊராகிவிடும். அன்று செவ்வாய்ப் பொங்கல். நகரத்தார் குடும்பங்கள் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் கடல் கடந்தும் வந்து, குடவோலையில் பெயர் எடுத்த வரிசைப்படி கோவில் முன் பானை வைப்பார்கள். தெருவெல்லாம் கார். அன்றைக்கு அந்தத் தெருவில் அபராதக் கேமரா இருந்தால், தவறான இடத்தில் நிறுத்தியதற்காக நூற்றுக்கணக்கில் சலான் போடலாம், ஒரு விபத்தையும் தடுக்காது. அன்றைக்குத் தேவை வண்டி நிறுத்த ஒரு பொட்டல், கயிறு, நாலு ஊர்க்காவல் படையினர்.

உயிர் போகும் இடம் வேறு. மதுரை–தொண்டி தேசிய நெடுஞ்சாலை 85இலிருந்து ஊர்களுக்குத் திரும்பும் விலக்குகளைப் பாருங்கள். பஸ் நிற்கும் இடத்தில் விளக்கு இருக்காது. இறங்கிய கிழவி பஸ்ஸின் முன்பக்கமாகவே சாலையைக் கடப்பாள். பஸ்ஸை முந்திவரும் காருக்கு அவள் தெரியும்போது பிரேக் பிடிக்கத் தூரம் போதாது. வேகக் கேமராவுக்கு உரிய இடம் அதுதான். நெடுஞ்சாலை என்பதால் விதியும் இடம் கொடுக்கிறது. ஆனால் அங்கே உபயதாரர் வரமாட்டார், ஏனென்றால் விலக்கு யாருடைய தெருவும் இல்லை. ஆகவே அது அரசின் வரவு செலவுத் திட்டத்திலிருந்துதான் வர வேண்டும்.

டெண்டரில் கருவி விலைக்குப் பக்கத்திலேயே ஐந்து வருஷத்துக்கான அளவுத் திருத்தம், ஆண்டுச் சான்றிதழ், மின்சாரம், இணைய இணைப்பு, படங்களைச் சரிபார்க்கும் காவலர் சம்பளம், தபால் செலவு ஆகியவற்றைத் தனித்தனி வரியாக எழுதுங்கள். ஒப்பந்ததாரருக்குச் சலான் எண்ணிக்கையின் பேரில் ஒரு காசும் போகக் கூடாது. கருவி சரியாக ஓடிய நாள்களுக்கு மட்டும் பணம் என்று இருக்கட்டும். திருவிழா பிளெக்ஸ் மறைத்த நாளும், லென்ஸில் சிலந்தி வலை கட்டிய நாளும் ஓடாத நாள்தான். டி.என். 63ஐ 68 என்று மென்பொருள் படித்தால் சிவகங்கைக்காரர் ஓட்டிய வண்டிக்குக் கும்பகோணத்துக்காரர் வீட்டுக்குச் சலான் போகும். தலைவர் படத்துக்கு நடுவே எண்ணைச் சொருகிய பிளேட்டுகளை எந்த மென்பொருளும் ஒழுங்காகப் படிக்காது. மனிதக் கண் பார்த்துக் கையெழுத்திடும் கட்டத்தைச் சிக்கனம் என்று சொல்லி வெட்டிவிடாதீர்கள்.

ஆட்சியர் தலைமையில் நடக்கும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது, உங்கள் எல்லையில் உள்ள விலக்குகளின் மூன்றாண்டு விபத்துப் பதிவை இ-டார் தளத்திலிருந்து எடுத்துக்கொண்டு போங்கள். கோடு போட்டு, விளக்குப் போட்டு, பஸ் நிற்கும் இடத்தை நூறடி தள்ளிவைத்த பிறகும் அடிபடும் விலக்குக்குக் கேமரா கேளுங்கள். கேமரா வாங்கித் தருகிறேன் என்று உபயதாரர் யாராவது வந்தால், அந்த விளக்குகளை அவரிடம் கேட்கலாம்.